உரிமம் வழங்கும் கையும் கணக்குக் கேட்கும் கையும்: மலேசியச் சுற்றுச்சூழல் பரிபாலனம் குறித்துப் பூச்சோங்கிலிருந்து ஓர் ஆராய்ச்சி

1. எழும் வினா

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் முதல் வாரத்தில், பூச்சோங்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் வாசலில் தண்ணீர் லோரி வந்து நின்றது. குடிப்பதற்கென்று எவர்சில்வர் குடத்தையும் கழுவுவதற்கென்று காலியான பெயின்ட் வாளியையும் ஏந்திப் படியிறங்கி வந்த ஜனங்கள், வரிசையில் நின்றவாறே, இந்த விபரீதத்துக்கு யாரிடம் முறையிடுவது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நகராண்மைக் கழகம் என்றார். ஒருவர் தண்ணீர்க் கம்பெனி என்றார். மாநில அரசு என்றார் மூன்றாமவர். மத்திய அரசு அமர்ந்திருக்கும் புத்ராஜெயாவுக்கே எழுதவேண்டும் என்றார், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். அவர்களுள் எவர் சொன்னதும் முற்றிலும் பிழையன்று என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

நடந்தது யாவரும் அறிந்ததே. ரவாங் வட்டாரத்தில் சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் கலந்த கழிவு சிலாங்கூர் நதியைச் சேர, நாற்றத்தின் காரணமாக நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன; கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 12 லட்சம் குடிநீர்க் கணக்குகளுக்குத் தண்ணீர் தடைப்பட்டது. அந்த நதியையும் அதன் கரையையும் பேணும் பொறுப்பு, 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறைக்கும், 1999-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தால் தோன்றிய சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியத்துக்கும், கட்டடத்துக்கும் வியாபாரத்துக்கும் அனுமதி தரும் உள்ளாட்சி மன்றத்துக்கும், நிலத்தின் உபயோகத்தை நிர்ணயிக்கும் நில அலுவலகத்துக்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. ஆகவே சட்டம் இல்லை என்றோ ஸ்தாபனம் இல்லை என்றோ குறைகூற இடமில்லை. அனுமதி வழங்குவோரும் மேற்பார்வை செய்வோரும் இத்தனை பேர் இருந்தும், அனுமதி எதுவும் வழங்காமல், எந்த அமைச்சருக்கும் கீழ்ப்படாமல், இவர்கள் அனைவருடைய செய்கையையும் சோதித்துப் பகிரங்கமாகச் சொல்லும் கடமை மட்டுமே உடைய ஒருவர் நம் நிர்வாக அமைப்பில் ஏன் இல்லை என்பதும், இருந்தால் அவர் எவ்வாறு அமைய வேண்டும் என்பதுமே இங்கு ஆராயப்படும் வினா.

2. இதுவரை நிலவும் அபிப்பிராயங்கள்

இவ்விஷயத்தில் மூன்று கருத்துக்கள் வழங்கிவருகின்றன. அபராதம் சிறிதாக இருப்பதே குற்றம் பெருகக் காரணம் என்பது முதற் கருத்து. அரசாங்கம் பெரிதும் இதனையே ஏற்று, 2024-இல் செய்த திருத்தத்தின் மூலம் உச்ச அபராதத்தை ஒரு கோடி ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. செய்திகளை அறியும் உரிமையும் கருத்துச் சொல்லும் உரிமையும் பொதுமக்களுக்குக் கிடைத்தாலன்றிச் சட்டம் உயிர் பெறாது என்பது இரண்டாவது. மலேசிய இயற்கைத் தோழர்கள் சங்கமான சஹாபாட் ஆலாம் மலேசியாவும், பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தைப் பல்லாண்டு நடத்திச் சென்று 2019-இல் மறைந்த எஸ்.எம். முகம்மது இத்ரிஸும் இதனைச் சலியாது வற்புறுத்தினார்கள். மூன்றாவது, சட்ட வல்லுநர்களுடையது: அரசியல் சாசனத்தின் ஐந்தாம் விதி காக்கும் ‘உயிர்’ என்னும் சொல்லுக்குள் மாசற்ற சூழலில் வாழும் உரிமையும் அடங்கும் என்று, 1996-இல் உத்தியோக நீக்கம் பற்றிய ஒரு வழக்கில், நீதிபதி கோபால் ஸ்ரீராம் விரிவாகப் பொருள் கொண்டதை ஆதாரமாக வைத்து, நீதிமன்றமே இறுதிப் புகலிடம் என்பார்கள்.

மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் அபராதம் விதிக்கப்படுவதற்கு முன் குற்றம் கண்டுபிடிக்கப்பட வேண்டும். செய்தியை அறிவதற்கு முன் அது பதிவாகியிருக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் கையில் சாட்சியம் இருக்க வேண்டும். இந்த மூன்று முன்நிபந்தனைகளும் யார் கையில் இருக்கின்றன என்ற கேள்வியை அம்மூன்று கருத்துக்களும் போதுமான அளவு கேட்கவில்லை என்பது என் எண்ணம்.

3. சட்டம் அமைத்த வீடு

சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1975 ஏப்ரல் 15-இல் அமலுக்கு வந்தது. அதன் மூன்றாம் பிரிவின்படி, சுற்றுச்சூழல் தரத் தலைமை இயக்குநரைப் பொதுச் சேவை உத்தியோகஸ்தர்களிடையேயிருந்து அமைச்சர் நியமிக்கிறார். நான்காம் பிரிவு அமைக்கும் சுற்றுச்சூழல் தர மன்றம் அமைச்சருக்கு ஆலோசனை கூறும் சபையே அன்றி வேறன்று. 44-ஆம் பிரிவின்படி, அரசாங்க வழக்குரைஞரின் எழுத்துமூலமான சம்மதமின்றி இச்சட்டத்தின்கீழ் எந்த வழக்கும் தொடர முடியாது. உரிமம் தருவதும், சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையை ஏற்பதும் மறுப்பதும், பின்னர் அந்த உரிமத்தின் நிபந்தனைகள் காக்கப்படுகின்றனவா என்று மேற்பார்ப்பதும் ஒரே அதிகாரியின் கீழ் நடைபெறுகின்றன. அந்த மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்கும் நிபுணரோ, திட்டத்தை நடத்த விரும்புவோராலேயே அமர்த்தப்பட்டு அவராலேயே ஊதியம் பெறுபவர்.

சுற்றுச்சூழல் துறை குடியிருந்த வீடுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளாட்சியோடு சேர்ந்த அமைச்சில் ஒரு பிரிவாகத் தொடங்கி, மறு ஆண்டே விஞ்ஞான தொழில்நுட்ப அமைச்சுக்குப் போய், 2004-இல் இயற்கை வளத்தோடும், 2018-இல் எரிசக்தியோடும், 2020-இல் தண்ணீரோடும், 2022-இல் மறுபடி இயற்கை வளத்தோடும் அது சேர்க்கப்பட்டது. காட்டையும் கனிமத்தையும் வருமானமாகக் கருத வேண்டிய அமைச்சும், அவற்றை அழிவிலிருந்து காக்க வேண்டிய துறையும் ஒரே கூரையின் கீழ் அமரும்போது, அங்கே தகராறு எழுமாயின் அது கோப்புக்குள்ளேயே எழுந்து கோப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இத்துறையின் உத்தியோகஸ்தர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நள்ளிரவில் ஆற்றங்கரையில் நின்று மாதிரி எடுக்கும் இளம் அதிகாரிகளின் உழைப்பை நான் மதிக்கிறேன். அவர்கள் எடுத்த மாதிரியின் முடிவு யாருக்குச் சொந்தம் என்பதே கேள்வி.

இதற்குக் கிள்ளான் துறைமுகம் ஒரு சாட்சி சொல்லும். 1997-இன் பெரும் புகைமூட்டத்துக்குப் பிறகு, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் எண்களைப் பொதுமக்களுக்கு வெளியிடுவதை அரசாங்கம் நிறுத்திவிட்டது. நாட்டின் பெயருக்கும் சுற்றுலாவுக்கும் பங்கம் வரும் என்பது காரணமாகக் காட்டப்பட்டது. அளக்கும் கருவிகள் ஓயவில்லை. எண்கள் பதிவாகிக்கொண்டே இருந்தன. அந்தக் காற்றைச் சுவாசிப்பவருக்கு மட்டும் அவை ரகசியமாயின. 2005 ஆகஸ்டில் குறியீடு 500-ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்ட அந்த நாட்களிலேதான் அமைச்சரவை தடையை நீக்கிற்று. ஒரு வார்த்தையில் மூடவும் ஒரு வார்த்தையில் திறக்கவும் கூடியதாக அந்த எண்கள் இருந்தன என்பதை இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டும். மூடியது பிழை என்று அன்று சொல்லக் கடமைப்பட்ட சுதந்திரமான வாய் ஒன்றும் சட்டத்தில் இல்லை.

4. பூச்சோங்கின் சாட்சியம்

பூச்சோங், ரப்பர்த் தோட்டமும் ஈய லம்பமுமாக இருந்த ஊர். மரத்தை வெட்டித் தோட்டம் போட்டார்கள். மண்ணைத் தோண்டி ஈயம் எடுத்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு லயங்கள் இடிந்த பின், அங்கிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்று அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். ஊருக்குத் தெற்கே ஆயர் ஈத்தாம் வனம் இருக்கிறது. 1906-இல் சுமார் 4,270 ஹெக்டேராகப் பதிவான அக்காடு, 1996-இல் புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகத்துக்கு 80 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டபோது 1,248 ஹெக்டேராகக் குறுகியிருந்தது. பத்தில் ஏழு பங்குக்கு மேல் எவ்வாறு போயிற்று என்பதற்குப் பெரிய நாடகம் எதுவும் இல்லை. சட்டப்படி, அரசிதழில் அறிவித்து, சிறிது சிறிதாகவே போயிற்று.

அந்த வனத்தை ஒட்டி 1995 முதல் 2006 இறுதி வரை கிள்ளான் பள்ளத்தாக்கின் குப்பை கொட்டப்பட்ட குப்பைமேடு இருக்கிறது. திட்டமிட்டு, அடியில் தகடு விரித்து, சுகாதார முறைப்படி அமைக்கப்பட்டது என்ற பெருமை அதற்கு உண்டு. அதில் ஊறும் வாயுவைக் கொண்டு மின்சாரமும் எடுத்தார்கள். இன்று தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது புல் மூடிய ஒரு குன்று. அருகே சென்றால்தான், சரிவின்மேல் ஆங்காங்கே நட்டு வைத்த குழாய்களும், அடிவாரத்தில் கறுத்த கசிநீரை வாங்கும் குளமும், அது இன்னும் முடியாத காரியம் என்பதை உணர்த்தும். புதைத்த குப்பை பல பத்தாண்டுகள் மூச்சுவிடும். அந்த மூச்சை அளந்த கணக்கை, அடிவாரத்துத் தாமானில் புதிதாக வீடு வாங்கும் ஓர் ஆசிரியையோ லோரி ஓட்டுநரோ உரிமையோடு கேட்டுப் பெறக்கூடிய இடம் எது?

இவ்விரண்டையும் விட நம் வினாவுக்கு அணுக்கமானது மூன்றாவது நிகழ்ச்சி. 2002-இல், நாளொன்றுக்கு 1,500 டன் குப்பையை எரிக்கவல்ல ஒரு பெரிய எரியுலையைப் பூச்சோங் கம்போங் போஹோலில் அமைக்க மத்திய அரசு யோசித்தது. டயாக்சின் என்னும் விஷத்தைப் பற்றி அன்றுவரை கேள்விப்பட்டிராத குடும்பத் தலைவிகளும் கடைக்காரர்களும் அதைப் பற்றிப் படித்துக் கூட்டம் கூட்டி எதிர்த்தார்கள். திட்டம் செமினிக்கு அப்பால் உள்ள புரோகா என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. அங்கேயும் மக்கள் எதிர்த்து நீதிமன்றம் ஏறினார்கள். பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையோ சுற்றுச்சூழல் துறையால் ஏற்கப்பட்டது. முடிவில் 2007-இல் திட்டமே கைவிடப்பட்டது.

இதைப் பொதுஜன சக்தியின் வெற்றி என்று கொண்டாடுவது வழக்கம். அந்த மக்களின் உழைப்பை நானும் போற்றுகிறேன். எனினும் ஆராய்ச்சிக் கண்ணோடு நோக்கினால் இதில் ஒரு துயரம் தெரிகிறது. பூச்சோங்குக்கு அது ஏன் கூடாது, கூடாதென்றால் புரோகாவுக்கு மட்டும் எவ்வாறு கூடும், இத்தகைய உலை இந்நாட்டின் ஈரம் மிகுந்த குப்பைக்கு ஏற்றதுதானா என்ற மூன்று கேள்விகளுக்கும், திட்டத்தில் சம்பந்தமில்லாத ஒருவர் விசாரித்துக் கையொப்பமிட்டு வெளியிட்ட விடை ஒன்று நம்மிடம் இல்லை. குரல் ஓங்கிய இடத்தைவிட்டுத் திட்டம் நகர்ந்தது. ஆள் குறைந்த ஊர் அந்தப் போராட்டத்தைச் சுமக்க நேர்ந்தது. உண்மையை நிறுவும் சுமை, பகலில் வேலைக்குப் போய் இரவில் ஆவணம் படிக்கும் சாமானியர்மேல் விழுந்தது.

சிலாங்கூரிலேயே உள்ள கோல லங்காட் வடக்கு வனத்தின் கதையும் இதே தடத்தில் சென்றது. 930 ஹெக்டேருக்கு மேல் வனப் பட்டியலிலிருந்து நீக்கும் யோசனை 2020 பிப்ரவரியில் வெளிப்பட்டது. 2011-இன் மாநில வனச் சட்டத் திருத்தம் பொது விசாரணையைக் கட்டாயமாக்கியிருந்ததால் ஆட்சேபங்கள் குவிந்தன. ஆயினும் 536 ஹெக்டேர் நீக்கப்பட்டுவிட்டது என்று 2021 ஆகஸ்டில் ஜனங்கள் அறிந்தார்கள். மறு மாதமே எதிர்ப்பின் வேகத்தில் மாநில முதல்வரான மந்திரி பெசார் அத்தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார். விசாரணை நடந்தது, விசாரித்தவரும் தீர்ப்பளித்தவரும் மட்டும் வேறாக இல்லை.

5. புக்கிட் மேரா தரும் எச்சரிக்கை

அப்படியானால் தனி வாரியம் ஒன்றை அமைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவே ஆதாரம். இந்த இடத்தில் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில், சுதந்திரக் கண்காணிப்பை வேண்டுவோர் பலரும் எளிதில் விழக்கூடிய குழி இங்கேதான் இருக்கிறது.

அங்கு ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் அரிய மண் உலோகங்களைப் பிரித்தெடுக்கத் தொடங்கியது. அதன் கழிவில் தோரியம் இருந்தது. 1985-இல் ஊரார் வழக்குத் தொடுத்தார்கள். அதே ஆண்டில், 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின்கீழ் அணுசக்தி உரிம வாரியமும் பிறந்தது. இடையில் நின்றிருந்த ஆலை 1987-இல் அவ்வாரியத்தின் உரிமத்தோடு மீண்டும் இயங்கியது. அவ்வாண்டு தொடங்கி 1990 வரை நடந்த விசாரணையில் இருதரப்பு நிபுணர்களும் சாட்சியம் சொன்னபின், 1992 ஜூலை 11-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடும்படி தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியபோது கூறிய காரணங்களுள் ஒன்று, உரிமத்தை ரத்துச் செய்யும் அதிகாரம் வாரியத்துக்கு இருக்கையில் ஊரார் முதலில் அவ்விடத்துக்கே போயிருக்க வேண்டும் என்பது.

இதன் பொருளை நின்று நிதானித்து நோக்க வேண்டும். உரிமம் கொடுத்தது வாரியம். ஆபத்தில்லை என்று நம்பியதும் வாரியம். ஆபத்து என்று அழுதுகொண்டு வந்தவர்களை நீதிமன்றம் அனுப்பிய வாசலும் அதே வாரியத்தினுடையது. நிபுணர் வாரியம் ஒன்று இருப்பதே மக்களின் வழியை அடைக்கும் கதவாயிற்று. ஆலை 1994-இல் தானாகவே மூடப்பட்டதும், கழிவைக் களைந்து மலையில் புதைக்கும் வேலை பல்லாண்டு நீண்டதும் பின்கதை. ஆகவே உரிமம் வழங்கும் அதிகாரம் ஒரு ஸ்தாபனத்துக்கு இருக்குமாயின், அதன் பெயர்ப்பலகையில் ‘சுதந்திரம்’ என்று எத்தனை பெரிய எழுத்தில் எழுதினாலும், தான் கொடுத்ததைத் தானே தவறென்று சொல்லும் சங்கடத்திலிருந்து அது தப்ப முடியாது. நாம் தேடும் அதிகாரிக்கு உரிமம் தரும் பேனா இருக்கக் கூடாது.

6. பிற நாடுகளும் ஆட்சேபங்களும்

நியூசிலாந்து 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாராளுமன்றச் சுற்றுச்சூழல் ஆணையரை ஏற்படுத்தியது. அவர் அமைச்சருக்கன்றிப் பாராளுமன்றத்துக்குப் பொறுப்பாளர். தண்டிக்கும் அதிகாரம் இல்லாதவர். கேட்கவும், ஆவணம் வரவழைக்கவும், வெளியிடவும் மட்டுமே உரியவர். பிரிட்டனில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு அலுவலகம், கடமை தவறிய அரசுத் துறைகளை நீதிமன்றத்துக்கே இட்டுச் செல்லலாம். எனினும் அதன் தலைவரை நியமிப்பவரும் அதற்குப் பணம் ஒதுக்குபவரும் அமைச்சரே. ஹங்கேரி 2008-இல் எதிர்காலத் தலைமுறைகளுக்கென்று அமர்த்திய பாராளுமன்ற ஆணையரின் தனிப் பதவி, நான்கே ஆண்டுகளில் பொதுக் குறைதீர்ப்பாளரின் கீழ் ஒரு துணைப் பதவியாக ஒடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில், வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல் இட்ட ஆணையால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புறம்பாக, ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் நஷ்டஈட்டை நிர்ணயிக்கும் அதிகார அமைப்பொன்று தோன்றியது. இந்நான்கையும் ஒப்பிடுகையில், சாதாரணச் சட்டத்தின்மேல் நிற்கும் சுதந்திரம் சாதாரணப் பெரும்பான்மையால் பறிக்கப்படக் கூடியது என்பது தெளிவு.

இனி ஆட்சேபங்கள். தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைச் சோதிப்பது ஜனநாயகத்துக்கு முரண் என்பார்கள். தீர்மானிக்கும் அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தால் முரணாகும், உண்மையைச் சொல்லும் கடமையை மட்டும் கொடுத்தால் ஆகாது. செலவு மிகும் என்பார்கள். 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்ற அந்த நாட்களின் செலவை முதலில் அவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

கனமான ஆட்சேபம் ஒன்றே. அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் காடும் மாநிலத்துக்கு உரியவை. மத்திய அதிகாரி ஒருவர் அவற்றில் எவ்வாறு தலையிடுவார்? சரவாக் மாநிலத்தின் பாகுன் அணை வழக்கு இத்தடையின் வலிமையைக் காட்டியது. சரவாக்கை மத்திய அரசின் பாதிப்பு மதிப்பீட்டு ஆணையிலிருந்து, முன்தேதியிட்டு, 1995-இல் விலக்கியது செல்லாது என்று மறு ஆண்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997-இல் முறையீட்டு நீதிமன்றம், அந்நிலமும் ஆறும் மாநிலத்தின் விஷயம் என்றும் வழக்காடிகளுக்கு வழக்காடும் தகுதியில்லை என்றும் கூறி அத்தீர்ப்பைத் தள்ளிற்று.

7. சாசனத்துக்குள்ளேயே இருக்கும் முன்மாதிரி

இந்த ஆட்சேபத்துக்கு விடை வெளிநாட்டில் இல்லை. நம் சாசனத்தின் 105, 106, 107-ஆம் விதிகளிலேயே இருக்கிறது. தலைமைக் கணக்காய்வாளரைப் பிரதமரின் ஆலோசனைப்படி, ஆட்சியாளர்கள் மாநாட்டையும் கலந்து, மாமன்னர் நியமிக்கிறார். கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையாலன்றி அவரை நீக்க முடியாது. அவருடைய ஊதியம் ஆண்டுதோறும் வாக்கெடுப்புக்கு விடப்படாமல் பொது நிதியின்மேல் நேரே சுமத்தப்படுகிறது. அவர் ஒரு காசையும் செலவிட அனுமதிப்பதில்லை, செலவிட்டவரைத் தண்டிப்பதுமில்லை. யாவற்றுக்கும் மேலாக, அவர் மத்தியக் கணக்கை மட்டுமன்றி மாநிலங்களின் கணக்கையும் சோதிக்கிறார். மாநிலத்தைப் பற்றிய அவருடைய அறிக்கை அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. மாநிலத்தின் பணத்தை மத்திய அதிகாரி ஒருவர் எண்ணிப் பார்ப்பதை மாநில உரிமைக்கு இழுக்கென்று இந்நாட்டில் யாரும் கருதியதில்லை. காட்டையும் ஆற்றையும் எண்ணிப் பார்ப்பதில் மட்டும் இழுக்கு எங்கிருந்து வரும்?

ஆதலால் நான் முன்வைக்கும் யோசனை இது: சுற்றுச்சூழல் துறையைக் கலைக்க வேண்டாம், இன்னொரு வாரியமும் வேண்டாம். தலைமைக் கணக்காய்வாளருக்குரிய அதே பாதுகாப்புகளோடு, உரிமம் தரும் அதிகாரமும் தண்டிக்கும் அதிகாரமும் இன்றி, சாசனத்திலேயே இடம்பெறும் சுற்றுச்சூழல் ஆய்வாளர் ஒருவர் வேண்டும். மத்திய மாநில உத்தியோகஸ்தர் எவரிடமிருந்தும் ஆவணத்தையும் மாதிரியையும் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். அளந்த எண் எதுவும் இத்தனை நாளுக்குள் பகிரங்கமாக வேண்டும் என்ற கட்டளையை அமைச்சரவையாலும் நிறுத்திவைக்க முடியாதவாறு சட்டம் செய்ய வேண்டும். பாதிப்பு மதிப்பீட்டைத் தயாரிக்கும் நிபுணரின் கட்டணத்தைத் திட்டக்காரர் பொது நிதி ஒன்றில் செலுத்த, நிபுணரை அமர்த்துவது பிறிதொரு கையாக இருக்கவேண்டும். ஆய்வாளரின் அறிக்கை வெளிவந்ததைக் காரணமாக்கி எந்தக் குடிமகனின் வழக்கையும் நீதிமன்றம் திருப்பி அனுப்பலாகாது என்ற ஒரு வாசகமும் கூடவே எழுதப்பட வேண்டும். புக்கிட் மேராவின் ஊரார் அந்த வாசகத்துக்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

இத்தகைய ஆய்வாளர் நாளையே பதவியேற்பாராயின், பூச்சோங்கில் அவர் திறக்க வேண்டிய கோப்புகள் இரண்டு. ஒன்று, 2006-இல் மூடிய குன்றின் கசிநீரையும் வாயுவையும் ஆண்டுவாரியாக அளந்த பதிவு. மற்றது, ஆயர் ஈத்தாம் வனத்தின் எல்லைக் கோடு. 80 ஆண்டுக் குத்தகை 2076-இல் முடியும். அன்று சிலாங்கூர்ச் சட்டமன்றத்தில் அமர்ந்திருக்கப்போகிறவர்களுள் பலர் இன்று பிறந்தும் இருக்கமாட்டார்கள். 1,248 என்ற எண், அவர்கள் முன் வைக்கப்படும் அறிக்கையில் ஆண்டுக்காண்டு ஒருவர் கையொப்பத்தோடு பதிவாகியிருக்க வேண்டும்.